ரோலர் தட்டில் வாய் வைத்த கதை

நான் வேலை பார்த்த கம்பெனியில் இப்போது எலிக்கு ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். மாதம் ஒருமுறை மதுரையிலிருந்து ஒருவர் பைக்கில் வருகிறார். சட்டைப் பையில் எலிப்படம் தைத்திருக்கிறது. டார்ச் அடித்து மூலை மூலையாகப் பார்க்கிறார், பசை தடவிய அட்டைகளை வைக்கிறார், போய்விடுகிறார். பழைய தோழிகளைப் பார்க்க நான் போயிருந்த அன்று அவரும் வந்திருந்தார். அவர் போனதும் பேக்கிங்கில் இருக்கிற பிள்ளைகள் என்னிடம் கேட்டார்கள்.

"யக்கா, ஒங்க காலத்துல எலிக்கு என்ன செஞ்சிய?"

"பூனை வச்சிருந்தோம்" என்றேன்.

சிரித்தார்கள். காயத்துக்குப் போடுகிற துணி செய்யும் இடத்தில் பூனையா என்று. "அதுவும் சோறு திங்கத் தெரியாத பூனை. நான்தான் சொல்லிக்குடுத்தேன்" என்றேன். அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அதற்குள் டீ நேரம் முடிந்து மணி அடித்துவிட்டது. பாதிக் கதையோடு அவர்கள் உள்ளே போய்விட்டார்கள், மீதிக் கதையோடு நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். வயிற்றில் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என் பெயர் மாரீஸ்வரி. ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். கல்யாணமான புதிதில், எண்பதுகளின் தொடக்கத்தில், ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் திரும்பி பஸ். முதலில் ரோல் சுற்றினேன், பிறகு மடிப்பு, பிறகு செக்கிங் மேசை. வேலை படித்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதற்குமேல் ஒன்றும் இல்லை. விரல் கொப்பளித்தது, காய்ந்தது, வேலை வந்துவிட்டது.

ஆனால் ரெங்கசாமி சாரைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. அவர்தான் எங்கள் சூப்பர்வைசர். தலையில் மருந்துக்குக்கூட ஒரு முடி கிடையாது. ஆனாலும் எங்களைப் போலவே நாடா வைத்த துணிக் குல்லா மாட்டிக்கொண்டுதான் ஹாலுக்குள் வருவார். "சாருக்கு எதுக்கு சார் குல்லா?" என்று என் பக்கத்து மேசை ஜெயமேரி ஒருநாள் கேட்டேவிட்டாள். "ரூல்னா ரூல்தாம்மா. நாளைக்கே மொளைச்சிட்டா?" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. அவர் கிண்டலாகப் பேசுகிறாரா நிஜமாகப் பேசுகிறாரா என்பது கடைசிவரை எங்கள் யாருக்கும் பிடிபடவில்லை.

காஸ் துணி என்பது கொசுவலை மாதிரி கண் கண்ணாக இருக்கும் வெள்ளைத் துணி. ஆபரேஷன் செய்யும்போது ரத்தத்தை ஒற்றி எடுப்பது அதை வைத்துத்தான். அதை மடிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. வெட்டிய விளிம்பு எதுவும் வெளியே தெரியக்கூடாது. இரண்டு பக்கமும் உள்ளே மடக்கி, நடுவில் ஒரு மடிப்பு, மறுபடி ஒரு மடிப்பு. எந்தப் பக்கம் தொட்டாலும் வழவழப்பான மடிப்புதான் கையில் பட வேண்டும். மேசைமேல் கறுப்பு ரெக்ஸின் விரித்திருக்கும். துணியை அதன்மேல் பரப்பினால் ஒரு முடி கிடந்தாலும், ஒரு நூல் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தாலும் பளிச்சென்று தெரிந்துவிடும். புதிதாக வருகிற பிள்ளைகள் உடனே அந்த நூலைப் பிடித்து இழுப்பார்கள். சாருக்கு எங்கிருந்தாலும் மூக்கு வேர்த்துவிடும். ஓடி வருவார்.

"இழுக்காத! இழுத்தா என்ன ஆகும்? மொத்தத் துணியும் சுருங்கிக்கிட்டு வரும். தொங்குற நூல வெட்டணும். இழுக்கவே கூடாது. எங்க, சொல்லு."

"வெட்டணும் சார். இழுக்கக் கூடாது சார்."

இதை அவர் சொல்ல, நாங்கள் திருப்பிச் சொல்ல, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் அளவுக்கு மண்டையில் ஏறிவிட்டது. இன்றைக்கும் என் சேலையில் ஒரு நூல் தொங்கினால் கத்திரிக்கோலைத்தான் தேடுகிறேன்.

பேக்கிங் ஹாலை ஒட்டிப் பெரிய குடோன். தறியிலிருந்து வரும் சலவை செய்யாத துணி பண்டல் பண்டலாக அங்கே அடுக்கியிருக்கும். அந்தத் துணிக்குக் கிரே என்று பெயர். அதில் கஞ்சி போட்டிருப்பதால் எலிக்கு அது விருந்து. அதற்காகக் குடோனில் ஒரு பூனை இருந்தது. குடோனுக்கும் ஹாலுக்கும் நடுவே தரையில் சிவப்புக் கோடு ஒன்று போட்டிருப்பார்கள். பூனை அந்தக் கோட்டைத் தாண்டாது. அதற்கும் சார்தான் ரூல் சொல்லிக்கொடுத்தார் என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

எண்பதுகள் முடியப்போகிற சமயம், ஒரு மாசி மாதத்தில், பண்டல் இறக்க வந்த லாரி பின்னால் எடுத்தபோது அந்தப் பூனை சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. குட்டி போட்டிருந்தது யாருக்கும் தெரியாது. கழித்துப்போட்ட ரோலர் பேண்டேஜ் கூடைக்குள் கீச் கீச்சென்று சத்தம் கேட்டு ஜெயமேரிதான் கையை விட்டாள். கண் அப்போதுதான் திறந்திருந்த ஒரே ஒரு குட்டி, உடம்பெல்லாம் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு, ஆபரேஷன் முடிந்து வந்த ஆள் மாதிரி இருந்தது. அதனால் ரோலர் என்று பெயர் வைத்தோம்.

பால் கொடுக்க முதலில் இங்க் பில்லரால் முயன்றேன். மூக்கு வழியாகப் பால் வந்து குட்டிக்குப் புரையேறியது. எனக்கு உயிரே போய்விட்டது. பிறகுதான், கண் முன்னால் துணி மலைபோலக் கிடக்கும்போது பில்லர் எதற்கு என்று தோன்றியது. கழிவுத் துணியில் ஒரு துண்டைக் கிழித்துத் திரியாகத் திரித்து வெதுவெதுப்பான ஆட்டுப்பாலில் முக்கினேன். காஸ் துணி பாலை உறிஞ்சுகிற மாதிரி உலகத்தில் வேறெதுவும் உறிஞ்சாது. அதைக் குட்டியின் வாயருகே தொங்கவிட்டதும் முன்கால் இரண்டையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு சப்பிச் சப்பிக் குடித்தது. குடித்து முடித்ததும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றைத் தடவிவிட்டால்தான் குட்டிக்கு மூத்திரம் வரும். பேண்டேஜ் கம்பெனியில் பஞ்சுக்கா பஞ்சம்? ராஜபாளையத்திலேயே அவ்வளவு சுத்தமான துணியில் வளர்ந்த பூனைக்குட்டி வேறு இருந்திருக்காது.

இதையெல்லாம் சார் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒருநாள் கூப்பிட்டார்.

"ஏம்மா மாரி, அந்தக் குட்டிய என்ன செய்யப் போற?"

"வளத்து குடோன்ல விடலாம்னு பாக்கேன் சார்."

"தானாத் திங்கிற பூனைன்னா கம்பெனிக்கு ஸ்டாக். மடியில வச்சு ஊட்டுற பூனைன்னா ஒன் வீட்டுக்கு. என்ன, வெளங்குதா?"

விளங்கியது. ஆனால் என் வீட்டுக்காரர் புறா வளர்ப்பவர். மாடியில் கூண்டு கட்டி, பொண்டாட்டி பெயரை மறந்தாலும் ஒவ்வொரு புறாவின் பெயரையும் மறக்காத மனுஷன். குட்டியை ராத்திரிக்கு மட்டும் சமையல்கட்டில் வைத்துக்கொள்ள அவரிடம் கெஞ்சிக் கூத்தாடித்தான் சம்மதம் வாங்கியிருந்தேன். "அது மாடிப்படி ஏற ஆரம்பிக்கிற வரைக்குந்தான்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். ஆக, ரோலருக்கு வீட்டிலும் இடமில்லை, சோறு தின்னாவிட்டால் கம்பெனியிலும் இடமில்லை. மிச்சம் இருப்பது மார்க்கெட். வேண்டாத குட்டிகளைச் சாக்கில் கட்டி மீன் கடைப் பக்கம் விட்டுவிட்டு வருவார்கள். தானாகத் தின்னத் தெரிந்த பூனைக்கு அது சொர்க்கம். திரி தொங்கினால்தான் வாயைத் திறக்கும் குட்டி அங்கே எத்தனை நாள் தாங்கும்?

பங்குனி பிறந்தது. குட்டிக்குப் பல் முளைத்து, பண்டல்மேல் ஏறி இறங்கி ஓடவும் ஆரம்பித்துவிட்டது. நான் ஒரு அலுமினியத் தட்டில் பாலை ஊற்றிக் கீழே வைத்தேன். ரோலர் வந்து தட்டுக்குள் நின்றுகொண்டு என் கையைப் பார்த்தது. கால் நாலும் பாலில், கண் இரண்டும் கையில். பால் கீழேயும் இருக்கும் என்பதே அதற்குத் தெரியவில்லை.

பிறகு ஆளாளுக்கு வைத்தியர் ஆனோம். ஒருத்தி முட்டையை அவித்துக் கொண்டுவந்தாள். ஒருத்தி ஈரல். ஜெயமேரி கருவாட்டைச் சுட்டு, முள் எடுத்து, துணியில் பொதிந்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வந்தாள். இதில் ஒரு சிக்கல் உண்டு. கம்பெனிக்குள் மீன், கருவாடு கொண்டுவரக் கூடாது. துணி வாசனையை இழுத்துக்கொள்ளும் என்பது சாரின் ரூல். அவர் சுத்த சைவம் வேறு. அன்று செக்கிங் மேசை அருகே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மூக்கை மட்டும் இடமும் வலமும் திருப்பினார். வரிசையாக ஒவ்வொரு மேசையாக மோந்துகொண்டே போய், ஜெயமேரிக்கு முன்னால் நின்றார்.

"இங்க என்னமோ வாடை வருதே."

"இருமலுக்குத் தைலம் தேச்சிருக்கேன் சார்" என்றாள் ஜெயமேரி.

"எந்தக் கடல்ல எடுத்த தைலம்?" என்று கேட்டுவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார்.

இத்தனை பாடுபட்டும் ரோலர் எதையும் தொடவில்லை. ஒரு வழி கண்டுபிடித்தோம் என்று நினைத்துக்கொண்டு, கருவாட்டையும் சோற்றையும் பிசைந்து காஸ் துணியில் சின்ன முடிச்சாகக் கட்டித் தொங்கவிட்டேன். ஓடிவந்து பிடித்துக்கொண்டது. சாற்றையெல்லாம் உறிஞ்சிவிட்டு, சக்கையை முடிச்சோடு விட்டுவிட்டுப் போனது. எங்களுக்கு ஒரே சந்தோஷம், எப்படியோ மீன் ருசி பட்டுவிட்டதே என்று. உண்மையில் நாங்கள் சொல்லிக்கொடுத்தது வேறு. சோறு என்பது துணிக்குள் இருப்பது, துணி இருக்கும் இடத்தில் சோறு இருக்கும் என்று நன்றாகப் பாடம் நடத்தியிருந்தோம்.

பாடம் படித்த பிள்ளை சும்மா இருக்குமா? அடுத்து ஹாலில் மடித்து அடுக்கிய துணிகளில் மூலை மட்டும் ஈரமாக இருக்க ஆரம்பித்தது. கட்டுக்கு ஒன்று, இரண்டு. சார் கையில் எடுத்துப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கிறது. மழை பெய்து எத்தனையோ நாளாயிற்று. ஆனாலும் மனுஷன் ஏணி போட்டு, எலக்ட்ரீசியனை மேலே ஏற்றி, ஓட்டை எங்கே என்று ஒரு மத்தியானம் முழுக்கத் தேடவைத்தார். நாங்கள் குனிந்த தலை நிமிரவில்லை. நிமிர்ந்தால் சிரித்துவிடுவோம்.

ஏணியைவிட்டு இறங்கிய எலக்ட்ரீசியன்தான் மேசைக்கு அடியில் பார்த்துச் சொன்னார். "சார், ஓட்டை மேல இல்ல. கீழ இருக்கு."

சிவப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம், மடித்த துணிக்கட்டு ஒன்றை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு, கண்ணைச் சொக்கவிட்டு, மூலையைச் சப்பிக்கொண்டிருந்தது ரோலர். கையும் களவுமாக மாட்டிக்கொண்டது குட்டி. ஆனால் எல்லாருடைய கண்ணும் என்மேல்தான் இருந்தது.

சார் சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. அந்தக் கட்டை முழுசாகக் கழிவுக் கூடையில் போட்டார். "மெட்ராஸ்லருந்து இன்ஸ்பெக்சனுக்கு வாராங்க. இந்த மாசக் கடைசிக்குள்ள வந்துருவாங்க. அதுக்குள்ள இது தட்டுல வாய் வைக்கணும். வைக்கலைன்னா வாட்ச்மேன்கிட்ட சாக்கு குடுத்துருவேன்" என்றார். சொன்னால் செய்கிற ஆள்.

அடுத்த நாள் காலையில் வீட்டில் பார்த்தால் ரோலருக்குப் பின்பக்கம் ஒரு நூல் தொங்கிக்கொண்டிருக்கிறது. முடிச்சை மென்று மென்று துணியையும் விழுங்கியிருக்கிறது. என் வீட்டுக்காரர், "பிடிச்சு ரெண்டு இழு இழுத்தா வந்துரும்" என்று கையை நீட்டினார். "இழுக்காதிய!" என்று நான் போட்ட சத்தத்தில் மாடியில் புறாவெல்லாம் படபடவென்று பறந்தன. எனக்குப் பூனை வைத்தியம் தெரியாது. தொங்குகிற நூலை இழுக்கக் கூடாது என்று மட்டும் தெரியும். கத்திரிக்கோலை எடுத்து, வெளியே தெரிந்ததை மட்டும் நறுக்கிவிட்டு, குட்டியை ஒயர் கூடையில் போட்டுக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

பஸ் ஸ்டாண்டு வழியாகத்தான் போக வேண்டும். ரெங்கசாமி சாரும் எங்கள் ஊர்தான். ராஜபாளையம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தார். கூடையை முந்தானையால் மூடிக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்தேன். ரோலர் உள்ளேயிருந்து கத்தியது. நான் இருமினேன். அது மறுபடி கத்தியது. நான் மறுபடி இருமினேன். சார் திரும்பாமலே பேசினார்.

"ஆஸ்பத்திரி அந்தப் பக்கம் இல்லம்மா. இந்தப் பக்கம். லீவு நான் சொல்லிக்கிடுதேன், போ."

டாக்டர் மாட்டு வைத்தியர். எருமை மாட்டைப் பார்த்து "வாங்க, இப்பிடித் திரும்புங்க" என்பார். மாட்டுக்காரரைப் பார்த்து "நீ அங்கிட்டுப் போ" என்பார். ரோலரைத் தூக்கி உள்ளங்கையில் வைத்து வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"நூல இழுத்தியா?"

"இல்ல டாக்டர். வெட்டிட்டேன்."

"பொழைச்ச. இழுத்திருந்தா கொடலு சுருங்கிக்கிட்டு வந்திருக்கும். யாரு சொல்லிக்குடுத்தது?"

"எங்க சூப்பர்வைசர்."

"அவரு டாக்டரா?"

"இல்ல டாக்டர். நெனப்பு அப்பிடித்தான்."

அவர் சிரித்துவிட்டார். மருந்து கொடுத்து, மீதி நூல் தானாக வரும், வரவில்லையென்றாலோ வாந்தி எடுத்தாலோ உடனே தூக்கிக்கொண்டு வா என்றார். இனி துணியைக் கண்ணிலேயே காட்டக் கூடாது என்றார். துணி இல்லாமல் இது சாப்பிடாதே டாக்டர் என்று என் கதையெல்லாம் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. மார்க்கெட், சாக்கு, எல்லாவற்றையும் சொன்னேன்.

"தாய்ப்பூனை எப்பிடிச் சொல்லிக்குடுக்கும் தெரியுமா?" என்று கேட்டார். "அது பாட்டுக்குத் திங்கும். குட்டி பக்கத்துல நின்னு பாக்கும். தாயோட வாயை மோந்து பாக்கும். பொறவு அதுவும் குனிஞ்சு திங்கும். ஒங்க கம்பெனில எல்லாரும் கையால திங்கிறிய. அது கையத்தான் பாக்கும். வாய வச்சுக் காட்டு."

"யாரு காட்டணும் டாக்டர்?"

"அது யார ஆத்தான்னு நெனச்சிருக்கோ அவுகதான்."

ஆஸ்பத்திரியில் இருந்த எருமை உட்பட எல்லாரும் என்னைப் பார்த்த மாதிரி இருந்தது.

நூல் நல்லபடியாக வந்துவிட்டது. துணியை நிறுத்தினோம். பசி தாங்காமல் கத்தும்போது விரலில் பாலைத் தொட்டு நாக்கில் வைத்துச் சமாளித்தேன். ஆனால் விரலில் எம்புட்டுப் பால் நிற்கும்? ஓடி ஆடிய குட்டி பண்டலோரம் சுருண்டு படுக்க ஆரம்பித்தது. முதுகைத் தடவினால் எலும்பு தட்டியது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

இனி வெட்கப்பட்டு ஆகாது என்று ஒரு மத்தியானம் முடிவெடுத்தேன். உப்பு, காரம் இல்லாமல் அவித்த நெத்திலியை முள் எடுத்து, சோற்றோடு குழையப் பிசைந்து, வெந்நீர் விட்டு வெதுவெதுப்பாக்கி, குடோன் கோடியில் பண்டல் மறைவில் தட்டை வைத்தேன். வாசலில் ஜெயமேரியைக் காவலுக்கு நிறுத்தினேன். "ஏட்டி மாரி, எவனாச்சும் பாத்தா ஒனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சுன்னு சொல்லிருவாங்க" என்றாள். "சொல்லட்டும். நீ வாசல்ல நில்லு" என்றேன்.

முழங்கால் போட்டுக் குனிந்தேன். கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். கை தெரிந்தால் அது கையைத்தான் பார்க்கும். தலையில் குல்லா. முகத்தைத் தட்டில் வைத்து ஒரு வாய் கவ்வினேன். உப்பில்லாத நெத்திலிச் சோறு என்னவொரு கண்றாவி! முதல் நாள் ரோலர் பார்த்துக்கொண்டே படுத்திருந்தது. மறுநாள் எழுந்து வந்து என் வாயை மோந்து பார்த்துவிட்டுப் போனது. போகும்போது திரும்பி ஒருமுறை தட்டைப் பார்த்தது. அதுவரை அது தட்டைப் பார்த்ததே இல்லை.

அதற்கடுத்த நாள் நான் இரண்டாம் வாய் எடுக்கும்போது, வாசலில் இருந்த ஜெயமேரியை யாரோ மெஷினில் ரோல் சிக்கிக்கொண்டது என்று கூப்பிட்டார்கள். அவள் போய்விட்டது எனக்குத் தெரியாது. பண்டலுக்கு அந்தப் பக்கம் பேச்சுக் குரல் கேட்டது. சாரின் குரல். கூடவே மெட்ராஸ் குரல். இன்ஸ்பெக்சன் ஆள் சொன்னதற்கு முன்னாலேயே வந்துவிட்டார்.

எழுந்திருக்கத்தான் நினைத்தேன். அந்த நேரம் பார்த்து என் கன்னத்தில் ஏதோ மெத்தென்று பட்டது. ரோலர் தன் தலையை என் கன்னத்தோடு ஒட்டவைத்துத் தட்டுக்குள் குனிகிறது. அதன் மீசை என் மூக்குக்குள் நுழைந்துவிட்டது. தும்மல் முட்டிக்கொண்டு வருகிறது. தும்மினால் குட்டி ஓடிவிடும். எழுந்தாலும் ஓடிவிடும். எழுந்திருக்காவிட்டால் வேலை போய்விடும். மூச்சை அடக்கிக்கொண்டு இன்னொரு வாய் சோற்றைக் கவ்வினேன். வேறு என்ன செய்ய?

இரண்டு ஜோடி கால் பண்டலைச் சுற்றி வந்து நின்றது. ஒரு ஜோடி பளபளக்கும் பூட்ஸ். இன்னொரு ஜோடி சாரின் ரப்பர் செருப்பு.

"இந்தம்மா என்ன சார் பண்றாங்க?" என்றது மெட்ராஸ்.

"ட்ரெய்னிங் நடக்கு சார்" என்றார் ரெங்கசாமி சார், ரொம்ப அடங்கிய குரலில். "செத்த நேரம் சத்தம் போடாம நில்லுங்க."

அப்போதுதான் எனக்குக் கேட்டது, என் காதுக்குப் பக்கத்தில், சப், சப், சப் என்று. திரியைச் சப்புகிற சத்தம் இல்லை அது. சின்னச் சின்னப் பல்லால் சோற்றை அள்ளி மெல்லுகிற சத்தம். நான் வாயை மெல்ல எடுத்துக்கொண்டேன். சத்தம் நிற்கவில்லை. தலையைக் கொஞ்சம் நகர்த்தினேன். சத்தம் நிற்கவில்லை. அது பாட்டுக்குத் தின்றுகொண்டிருந்தது.

முகமெல்லாம் சோறும் நெத்திலியுமாக எழுந்து நின்றேன். மெட்ராஸ்காரர் வயசில் சின்னவர். என்னைப் பார்க்கிறார், தட்டைப் பார்க்கிறார். "பூனை முடி ஹாலுக்கு வராதா சார்?" என்று கேட்டார். "கோட்டுக்கு அந்தப் பக்கம் போனா நானே வெளிய அனுப்பிருவேன் சார். இங்க இருந்தா எலி வராது" என்றார் சார். அந்த ஆள் தலையாட்டிவிட்டு, "எங்க வீட்லயும் பையன் ஊட்டினாதான் சார் சாப்பிடறான். அவங்கம்மாகிட்ட சொல்லிப் பாக்கணும்" என்றார். அவர் நிஜமாகச் சொன்னார்.

அவரை முன்னால் அனுப்பிவிட்டு சார் ஒரு நிமிஷம் பின்தங்கினார். தட்டைப் பார்த்தார். மூக்கு இடமும் வலமும் திரும்பியது. "தைலம் தீந்ததும் தட்ட நல்லாக் கழுவி வையி" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து ரோலர் ஸ்டாக் ஆகிவிட்டது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் குடோனுக்கு மட்டும் மீன் வரலாம் என்று ரூலும் மாறியது. அவர் வாயால் சொல்லவில்லை. மூக்கைத் திருப்புவதை நிறுத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகும் சில நாள் நான் பக்கத்தில் குனிந்து கொடுக்க வேண்டியிருந்தது. பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும் என்றாயிற்று. பிறகு நிற்பேன். ஒருநாள் தட்டை வைத்துவிட்டு வாசல்வரை நடந்து பார்த்தேன். ரோலர் நிமிரவேயில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி தட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டது. எனக்கு என்ன தோன்றியதோ, திரும்ப வந்து விரலைப் பாலில் முக்கி அதன் மூக்குக்கு முன்னால் நீட்டினேன். மோந்து பார்த்தது. என் விரலைத் தாண்டிக்கொண்டு போய்ச் சோற்றைத் தின்றது.

பண்டலுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். அப்படியொரு அழுகை. சத்தம் கேட்டு, மேசையில் போட்டது போட்டபடி ஜெயமேரி ஓடிவந்தாள். அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"ஏட்டி மாரி, என்னாச்சு? குட்டிக்கு எதுவுமா?"

"சாப்புடுது."

"தானாவா?"

"தானாத்தான். நான் வேண்டாமாம்."

"அட கிறுக்கி, அதுக்குத்தான இம்புட்டு நாளும் கெடந்து தவிச்ச? அதுக்கா அழுத?"

"அதுக்குத்தான்" என்றேன்.